மரத்தரையும் மாதத் தவணையும்

தில்லியில் ஜனவரி மாதக் காலையொன்றில் கட்டிலைவிட்டு இறங்கி, மொசைக் தரையில் வெறுங்காலை ஊன்றிப் பார்த்தவர்களுக்கு, மரத்தரை மீது ஆசை பிறப்பது ஏன் என்று விளக்க வேண்டியதில்லை. தெற்கிலிருந்து பணிமாற்றலாகி இங்கு வந்த எனக்கு அந்தப் பாடம் முதல் குளிர்காலத்திலேயே கிடைத்தது.

சென்ற குளிர்காலத்தில் எங்கள் கிளைக்கு ஒரு தம்பதியர் வந்தனர். வீட்டுக்கடன் தவணையை ஆறு ஆண்டுகளாக ஒருமுறைகூடத் தவறவிடாதவர்கள். கணவரின் தாயாருக்கு மூட்டுவலி. சில்லிட்ட தரையில் கால் வைக்க அஞ்சி, குளிர்காலம் முழுவதும் கட்டிலிலேயே பொழுதைக் கழிக்கிறார் என்றனர். மூன்று அறைகள், 600 சதுர அடி. இரண்டு மதிப்பீடுகளைக் கொண்டுவந்திருந்தனர். அசல் ஓக் மரப்பலகை பதிக்க 3 லட்சம் ரூபாய். லேமினேட் பலகை பதிக்க 90,000 ரூபாய். கணவருக்கு மரத்தின் மீது நாட்டம். மனைவிக்குச் சிக்கனத்தின் மீது. “வீட்டுக்கடனோடு சேர்த்துக் கூடுதல் கடன் கிடைக்குமா?” என்பது இருவரும் சேர்ந்து கேட்ட கேள்வி.

கிடைக்கும் என்பதே வங்கி அதிகாரியாக நான் அளிக்க வேண்டிய விடை. ஆனால் கிடைக்குமா என்பதும் வாங்கலாமா என்பதும் வெவ்வேறு கேள்விகள். இரண்டாவது கேள்வியைப் பற்றியதே இக்கட்டுரை.

முதலில், இரண்டும் என்ன பொருள்கள் என்று அறிந்துகொள்வோம். அசல் மரத்தரை என்பது ஏறத்தாழ முக்கால் அங்குலக் கனமுள்ள முழு மரப்பலகை. தேய்ந்து மங்கினால் மேற்பரப்பை இழைத்து, உப்புத்தாள் போட்டு, மீண்டும் மெருகேற்றலாம். வைரம் பாய்ந்த மரமாயின் இப்படிப் பலமுறை புதுப்பித்துத் தலைமுறை கடந்தும் பயன்படுத்தலாம். லேமினேட் பலகையோ மரத்தூள் நாரைப் பிசினுடன் சேர்த்து அழுத்திச் செய்த தட்டு. அதன் மேல் மரத்தின் ரேகைகளை அச்சிட்ட தாள்; அத்தாளின் மேல் கீறல் தாங்கும் ஒளிபுகும் பூச்சு. 1977இல் சுவீடன் நாட்டில் உருவான இந்தத் தொழில்நுட்பம் இன்று நம் ஊர்க் கடைவீதிகள் வரை வந்துவிட்டது. இதை இழைக்க இயலாது. மேற்பூச்சு தேய்ந்துவிட்டால் பலகையை மாற்றுவதுதான் வழி. ஆனால் பழைய தரையை உடைக்காமல், பசையும் ஆணியும் இல்லாமல், ஒன்றோடொன்று கோத்து ஓரிரு நாளில் பதித்துவிடலாம்.

தாயாரின் பாதங்களைப் பொறுத்தவரை இரண்டிற்கும் பெரிய வேறுபாடு இல்லை. கல்லும் சிமெண்டும் உடலின் வெப்பத்தை விரைவாக உறிஞ்சுவதால் சில்லென்று இருக்கின்றன. மரம் அதை மெதுவாகவே உறிஞ்சுகிறது. மரநாரால் ஆன லேமினேட்டும் அவ்வாறே. ஆகவே தேவை என்ற அளவில் இரண்டும் சமம். எஞ்சியிருப்பது விருப்பமும் கணக்கும்.

வணிகவியல் படித்த எவருக்கும் தேய்மானக் கணக்கு மறக்காது. ஓக் தரை 40 ஆண்டுகள் உழைக்கும் என்று கொண்டால், 3 லட்சத்திற்கு ஆண்டுத் தேய்மானம் 7,500 ரூபாய். லேமினேட் 12 ஆண்டுகள் உழைக்கும் என்று கொண்டால், 90,000 ரூபாய்க்கு ஆண்டுத் தேய்மானம் அதே 7,500 ரூபாய். தாளில் இரண்டும் சரிநிகர். கணவரின் முகம் மலர்ந்தது. “பார்த்தீர்களா, மரம் விலை அதிகமே இல்லை” என்றார்.

அங்கேதான் ஒரு கேள்வியை எழுப்ப வேண்டியிருந்தது. மரத்தின் ஆயுள் 40 ஆண்டுகள்; அந்த வீட்டில் நீங்கள் வாழப்போவது எத்தனை ஆண்டுகள்? தேய்மானத்தை வகுக்க வேண்டியது பொருளின் ஆயுளால் அன்று. நமக்கு அது பயன்படும் காலத்தால். மகனின் மேற்படிப்புக்குப் பின் தென்னகம் திரும்புவதாகத் திட்டமிட்டிருக்கும் குடும்பத்திற்கு அந்தக் காலம் பத்து ஆண்டுகளைத் தாண்டாது. அப்போது மரத்தரையின் ஆண்டுச் செலவு 30,000 ரூபாய். வீட்டை விற்கும்போது அத்தொகை திரும்பிவிடும் என்று நம்புவோரும் உளர். வீட்டின் மதிப்பைப் பெரிதும் தீர்மானிப்பவை இடமும் பரப்பும் கட்டடத்தின் வயதுமே. வாங்க வருபவர் தரையைப் பாராட்டக்கூடும். பாராட்டுக்கு ஏற்ற விலையும் தருவார் என்பதற்கு உறுதியில்லை.

அடுத்தது கடன் கணக்கு. 9 சதவீத வட்டி என்று எடுத்துக்காட்டாகக் கொள்வோம். 3 லட்சத்தை 15 ஆண்டுகளில் திருப்பிச் செலுத்தினால் மாதத் தவணை ஏறத்தாழ 3,043 ரூபாய்தான், சுமையாகத் தோன்றாது. ஆனால் முடிவில் செலுத்தியிருக்கும் தொகை சுமார் 5 லட்சத்து 47 ஆயிரம். அதே கடனை 5 ஆண்டுகளில் அடைத்தால் தவணை சுமார் 6,228 ரூபாய். மொத்தம் சுமார் 3 லட்சத்து 73 ஆயிரம். லேமினேட்டுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். 12 ஆண்டுகளில் தேய்ந்துபோகும் தரைக்கு 15 ஆண்டுக் கடன் வாங்கினால், தரை போன பின்பும் மூன்று ஆண்டுகள் தவணை கட்டிக்கொண்டிருப்போம்.

வரிச்சலுகை உண்டே என்பர் சிலர். வீட்டைப் பழுதுபார்க்கவும் புதுப்பிக்கவும் வாங்கும் கடனின் வட்டிக்கு, பழைய வரிமுறையைத் தேர்ந்தெடுத்தோர் குடியிருக்கும் வீட்டிற்கு ஆண்டுக்கு 30,000 ரூபாய் வரை கழிவு பெறலாம். ஆனால் அது 2 லட்சம் என்னும் மொத்த வரம்புக்குள் அடங்கியது. வீட்டுக்கடன் வட்டியே அந்த வரம்பை நிரப்பிவிட்டவர்க்குப் புதிய கழிவு ஏதுமில்லை.

கணக்கிற்கு அப்பால் தண்ணீர் என்று ஒன்று இருக்கிறது. இதை என் சொந்த அனுபவத்திலிருந்தே சொல்கிறேன். நான் முதலில் பதித்த லேமினேட் தரை இரண்டு கோடைகளைத்தான் கண்டது. ஜூன் மாதத்தில் ஏர்கூலரிலிருந்து கசிந்த நீர் இரவெல்லாம் பலகை இணைப்புகளில் இறங்கியது. விளிம்புகள் அப்பளம்போல் உப்பி எழுந்தன. பின்பு அவை படியவே இல்லை. அசல் மரமும் தண்ணீருக்கு நண்பன் அன்று. மே மாத வறட்சியில் சுருங்கி, ஜூலை ஈரத்தில் விரிவது மரத்தின் இயல்பு. இரண்டு பருவங்களும் உச்சத்தைத் தொடும் தில்லி போன்ற ஊரில் அவ்வியல்பு கண்ணுக்கே தெரியும். நாள்தோறும் வாளி நீரால் தரையைத் துடைப்பது நம் வழக்கம். அதை மாற்றிக்கொண்டு, பிழிந்த துணியால் துடைக்க மனமில்லாத இல்லத்தில் இவ்விரண்டுமே வேண்டா.

பதிப்போர் சிலவற்றை உறுதிசெய்துகொள்ள வேண்டும். அடித்தளத்தில் ஈரம் இல்லை என்று அறிந்த பின்பே பலகையைக் கொண்டுவர வேண்டும். வந்த பலகைகளை இரண்டு நாளாவது அறைக்குள் கிடத்தி, அவ்வறையின் தட்பவெப்பத்திற்குப் பழக்க வேண்டும். சுவரோரம் விரல் கனத்திற்கு இடைவெளி விட வேண்டும். லேமினேட் வாங்குவோர் அட்டைப்பெட்டியில் ஏசி 3 அல்லது அதற்கு மேற்பட்ட தேய்மானத் தரக்குறியீடும், பிசின் வாயு குறைவென்பதைக் காட்டும் இ1 குறியீடும் உள்ளனவா என்று பார்க்க வேண்டும். தரை உயர்வதால் கதவின் அடியைச் சீவ நேரும். அச்செலவையும் மதிப்பீட்டில் சேர்த்துக் கேளுங்கள்.

எனது முடிந்த கருத்து இதுதான். சொந்த வீட்டில் நெடுங்காலம் வாழப்போகிறவர், கையிலுள்ள சேமிப்பிலிருந்து செலவிட வல்லவர், பராமரிக்கும் பொறுமையுடையவர் அசல் மரத்தையே தேர்ந்தெடுக்கலாம். அது வீண் ஆடம்பரம் ஆகாது. ஏனையோர்க்கு லேமினேட் போதும். மரத்தைப் போன்ற ஒன்று என்று அதற்காக நாணவும் வேண்டுவதில்லை. எதுவாயினும், கடனின் ஆயுள் பொருளின் ஆயுளை மிஞ்சக்கூடாது. கடன் கொடுப்பதே தொழிலாகக் கொண்ட ஒருவன் இப்படிச் சொல்வது சிலருக்கு வியப்பளிக்கலாம். ஆனால் பொருள் பயன்படும் காலத்திலேயே தீர்ந்துபோகும் கடன்தான் வாடிக்கையாளரை மறுமுறையும் மனநிறைவோடு எங்கள் கிளைக்கு அழைத்து வருகிறது.

அத்தம்பதியர் அன்று கடன் விண்ணப்பம் எதுவும் தரவில்லை. தாயாரின் 150 சதுர அடி அறைக்கு மட்டும் லேமினேட் பதித்தனர். செலவு சுமார் 22,500 ரூபாய். சேமிப்புக் கணக்கிலிருந்தே எடுத்துக்கொண்டனர். சில வாரங்கள் கழித்துத் தாயாரின் ஓய்வூதியக் கணக்கில் ஒரு கையொப்பம் தேவைப்பட்டது. படிவத்தை வீட்டிற்கு அனுப்புவதாகச் சொன்னேன். “வேண்டாம் சார், அம்மாவே வருவார், இப்போது காலையில் எழுந்து நடமாடுகிறார்” என்றார் மருமகள்.