பச்சை இலை சின்னம் போட்டால் போதுமா? கண்டலம ஹோட்டல் சொல்லும் பாடம்

ஹோட்டல் புக்கிங் ஆப்பைத் திறந்தால், பல ரிசார்ட்டுகளின் பெயருக்குப் பக்கத்தில் ஒரு பச்சை இலை தெரியும். ‘சுற்றுச்சூழலுக்கு உகந்தது’ என்று அர்த்தம். வாடகை கொஞ்சம் கூடுதலாக இருந்தாலும் மனசுக்கு ஒரு திருப்தி. ஆனால் அந்த இலை உண்மையில் எதை அளக்கிறது? இதற்குப் பதில் தேட, இலங்கையின் தம்புள்ளைக்குப் போக வேண்டும்.

என்ன இடம் இது?

தம்புள்ளை குகைக் கோயில் 2,000 ஆண்டுகளுக்கும் மேல் பழைமையானது. ஐந்து குகைகள், 157 சிலைகள், சுமார் 2,100 சதுர மீட்டர் பரப்பில் சுவரோவியங்கள். 1991-ல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

அங்கிருந்து சில கிலோமீட்டர் தொலைவில், கண்டலம குளத்தைப் பார்த்தபடி மலைச்சரிவில் நிற்கிறது ஹெரிட்டன்ஸ் கண்டலம ஹோட்டல். கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா வடிவமைத்தது. 152 அறைகள். 1994-ல் திறக்கப்பட்டது.

எதிர்ப்பு ஏன் வந்தது?

ஹோட்டல் வருகிறது என்றதுமே பிக்குகளும் ஊர் மக்களும் சூழலியலாளர்களும் எதிர்த்தார்கள். அவர்களின் கேள்வி எளிமையானது: கழிவுநீர் எங்கே போகும்? அந்தக் குளம் வெறும் காட்சிப் பொருள் இல்லை. விவசாயத்துக்குப் பாயும் தண்ணீர். காடு அழியும், கோயில் சூழலின் அமைதி கெடும் என்ற கவலையும் இருந்தது.

ஹோட்டல் என்ன செய்தது?

பாறையை உடைத்துச் சமப்படுத்தாமல், தூண்கள் மேல் கட்டடத்தை எழுப்பினார் பாவா. மழைநீர் அடியில் வழிந்தோடும். கூரையில் தோட்டம், முகப்பு முழுக்கக் கொடிகள். தூரத்திலிருந்து பார்த்தால் கட்டடமே காட்டுக்குள் மறைந்துவிடும். கழிவுநீரைச் சுத்திகரித்துத் தோட்டத்துக்கு விடுகிறார்கள். பிற்பாடு, பசுமைக் கட்டடங்களுக்கான அமெரிக்காவின் ‘லீட்’ சான்றிதழும் கிடைத்தது. அந்தச் சான்றை முதலில் பெற்ற ஹோட்டல்களில் இதுவும் ஒன்று.

இதையெல்லாம் ‘சும்மா விளம்பரம்’ என்று ஒதுக்கிவிட முடியாது. செய்ததைச் செய்தார்கள் என்று ஒப்புக்கொள்வதே நியாயம்.

அப்போ பிரச்சினை முடிஞ்சுதா?

இல்லை. இங்கேதான் பச்சை இலையின் எல்லை தெரிகிறது. இதுபோன்ற சான்றிதழ்கள் கட்டடத்தையும் அதன் வளாகத்தையும்தான் முக்கியமாகப் பார்க்கின்றன: மின்சாரம், தண்ணீர், கட்டுமானப் பொருட்கள். மதில் சுவருக்கு வெளியே நடப்பதை அவை பெரிதாக அளப்பதில்லை. ஒரு ஹோட்டல் ஜெயித்தால் பக்கத்தில் இன்னும் பல முளைக்கும். ஒவ்வொன்றும் தனித்தனியாகப் பச்சையாக இருக்கலாம்; எல்லாம் சேர்ந்து ஒரு குளத்தின் மீது, ஒரு கோயிலின் மீது ஏற்றும் பாரத்தை யார் கணக்குப் பார்ப்பது?

இன்னொன்று: கட்டி முடித்தபோது கொடுத்த சான்று, இன்று எப்படி நடக்கிறது என்பதற்குச் சாட்சி ஆகாது. சுத்திகரிப்பு நிலையம் முதல் நாள் ஓடியது பெரிய விஷயமில்லை. முப்பது வருஷம் கழித்தும் ஓட வேண்டும்.

என்ன செய்யலாம்?

புராதனக் கோயில்களுக்கு அருகில் ரிசார்ட்டுக்கு அனுமதி தரும் எந்த அரசும், பக்கத்து நீர்நிலையின் பரிசோதனை முடிவுகளை உள்ளூர் மொழியில் தொடர்ந்து வெளியிட வைக்க வேண்டும். அனுமதியை ஹோட்டல் வாரியாக மட்டும் பார்க்காமல், அந்த வட்டாரம் மொத்தமாக எவ்வளவு தாங்கும் என்று பார்த்துக் கொடுக்க வேண்டும்.

பயணிகளும் புக் செய்வதற்கு முன் மூன்று கேள்விகள் கேட்கலாம். தண்ணீர் எங்கிருந்து வருகிறது? கழிவுநீர் எங்கே போகிறது? வேலை பார்ப்பவர்களில் உள்ளூர்க்காரர்கள் எத்தனை பேர்? நேரடியாகப் பதில் சொல்லும் ஹோட்டலை நம்பலாம். மழுப்பினால், இலை வெறும் ஸ்டிக்கர்தான்.

அன்று கண்டலமவில் எதிர்த்தவர்களால் ஹோட்டலைத் தடுக்க முடியவில்லை. ஆனால் ‘கழிவுநீர் எங்கே போகும்?’ என்ற கேள்வியைத் தவிர்க்கவே முடியாதபடி செய்துவிட்டார்கள். எந்தச் சான்றிதழை விடவும் குளத்துக்குப் பாதுகாப்பு அந்தக் கேள்விதான். அதைத் தொடர்ந்து கேட்க ஆள் இருக்க வேண்டும்.