கிணற்றுக்குள் கரி போடுமுன்



சென்ற ஞாயிறு திருப்பலிக்குப் பின் பலேர்மோ துறைமுகத்தருகே நடந்துகொண்டிருந்தபோது, நம் பங்கின் இளைஞர் ஒருவர் ஒரு காணொளியைக் காட்டினார். உமியையும் சிரட்டையையும் கரியாக்கி நீரிலிட்டால் பார உலோகங்கள் அகன்றுவிடும் என்பது அதன் செய்தி. “சுவாமி, ஊர்க் கிணத்துக்கும் இதைப் போடலாமோ? இங்கயிருந்து காசு சேர்த்து அனுப்பலாம்” என்றார். அவருடைய நல்ல மனம் என்னை மகிழ்வித்தது. ஆயினும் பொறுத்திருக்கவே சொன்னேன்.

காணொளி பொய்யன்று. ஒட்சிசன் மிகக் குறைந்த கலத்தில் பண்ணைக் கழிவைச் சூடாக்கினால், அது சாம்பலாகாமல் நுண்துளைகள் நிறைந்த கரியாகிறது. இதையே உயிர்க்கரி என்கின்றனர். அதன் மேற்பரப்பு பெரும்பாலும் மறையேற்றமுடையது. ஈயம், கட்மியம் போன்றவை நீரில் நேரேற்றத்துடன் இருப்பதால் அதில் பற்றிக்கொள்கின்றன. இலங்கையிலும் உமி, தேயிலைக் கழிவு ஆகியவற்றின் கரி குறித்து ஆய்வுகள் நடந்துள்ளன. இந்தச் சிசிலியில் ஒலிவச் சக்கைக்கும் தோடம்பழத் தோலுக்கும் பஞ்சமில்லை.

ஆனால் யாழ்ப்பாணக் கிணறுகளின் பெரும் நோய் வேறு. சுண்ணக்கல் நிலத்தினூடே உரமும் மலக்குழிக் கசிவும் இறங்கிச் சேர்க்கும் நைத்திரேற்று அது. அதுவும் மறையேற்றமுடையதாகையால் சாதாரண உயிர்க்கரி அதை அதிகம் பிடிக்காது. நோய் அறியாமல் மருந்து கொடுப்பதெப்படி?

என்னை அதிகம் உறுத்துவது இன்னொன்று. கரி உலோகத்தை அழிப்பதில்லை, பிடித்து வைத்திருக்கிறது, அவ்வளவே. நீரின் அமிலத்தன்மை கூடினால் பிடித்ததை மீண்டும் விட்டுவிடவும் கூடும். உயிர்க்கரியை மண்வளத்துக்காகத் தோட்டத்தில் இடும் வழக்கமும் இருப்பதால், நஞ்சேறிய கரியை யாரேனும் கத்தரிப் பாத்தியில் கொட்டிவிடுவரோ என்று அஞ்சுகிறேன். அதை எங்கே, யார் பொறுப்பில் வைப்பது என்பதைக் காணொளி சொல்லவில்லை.

இத்தீவின் கிழக்கே அகுஸ்தா விரிகுடாவில், 1958 இல் தொடங்கிய ஆலையொன்றின் பாதரசம் கடலடிச் சேற்றில் இன்றும் கிடக்கிறது. அவ்வூர்ப் பங்குத்தந்தை பல்மீரோ பிரிசுத்தோ 2014 முதல் மாதந்தோறும் 28 ஆம் நாள் திருப்பலியில், புற்றுநோயால் இறந்தோரின் பெயர்களை வாசித்து வந்தார். ஆலையின் வாயிலில் இருக்கவேண்டிய வடிகட்டியை ஏழையின் கிணற்றில் வைக்கச் சொல்வதை நான் பிறரன்பு என்று அழைக்கமாட்டேன். சுன்னாகத்தில் கிணறுகளில் எண்ணெய் கலந்த வழக்கில், 2019 இல் உயர் நீதிமன்றம் மின் உற்பத்தி நிறுவனத்தையே 2 கோடி ரூபாய் இழப்பீடு செலுத்தப் பணித்தது. வழி அதுவே.

ஆகவே, காசு சேர்க்கத்தான் வேண்டும்; முதலில் நீர்ப் பரிசோதனைக்கு. உங்கள் ஊர்க் கிணற்று நீரை ஆய்வுகூடத்தில் கொடுத்து, நைத்திரேற்று எவ்வளவு, ஈயம் எவ்வளவு என்று எழுத்தில் வாங்கச் சொல்லுங்கள். அந்தத் தாளோடு வாருங்கள். ஈயமோ கட்மியமோ உண்டென்றால் கரிக்கு முதல் ஐம்பது யூரோ என்னுடையது.