சம்மதமே முதல் கருவி

புதுக்கோட்டை மாவட்டத்துப் பெண்கள் 1991-ல் அறிவொளி இயக்கத்தில் எழுத்துக் கற்றார்கள், சைக்கிளும் பழகினார்கள். அன்று கற்றவர்களுக்கு இன்று வயதாகிவிட்டது. அவர்களைப் போனில் பேட்டி கண்டு, அனுபவத்தைப் பதிவு செய்வது அவசரமான வேலை. அதற்கு எந்தக் கருவி நல்லது?

விலை உயர்ந்தது வேண்டாம். செல்போனில் ஸ்பீக்கரைப் போட்டு, அருகில் தனி ரிக்கார்டர் ஒன்றை வைத்தால் போதும். பேச்சைப் பதிவு செய்யும் 'ஆப்'கள் பல, 2022-ல் கூகுள் விதியை மாற்றியதும் நின்று போயின. தனி ரிக்கார்டருக்கு அந்தத் தொல்லை இல்லை.

ஆனால், பொத்தானை அழுத்துமுன் ஒரு வார்த்தை: "அம்மா, நீங்கள் பேசுவதைப் பதிவு செய்து கொள்ளலாமா?" தொலைபேசிப் பேச்சு அந்தரங்க உரிமையைச் சேர்ந்தது என்று சுப்ரீம் கோர்ட்டு 1996-லேயே கூறியிருக்கிறது. சம்மதம் கிடைத்ததும், அதையே பதிவின் முதல் வாக்கியமாகச் சொல்ல வைக்க வேண்டும்.

திருடி எடுத்த குரல் வரலாறு ஆகாது!