ஆட இடம் விட்டு ஸ்விங் குழுவை அழையுங்கள்

அமெரிக்காவில் கல்யாண வரவேற்புக்கும் அலுவலக ஆண்டு விழாவுக்கும் ஸ்விங் இசைக்குழுவைக் கூப்பிடும் வழக்கம் இன்னும் போய்விடவில்லை. பளபளக்கும் சாக்ஸபோன், டிரம்பெட், டிராம்போன் என்று மேடை பார்க்கும்போதே களைகட்டிவிடும். ஆனால், மண்டபத்தின் நடுவில் சாப்பாட்டு மேஜைகளை நெருக்கிப் போட்டு, குழுவை மூலைக்குத் தள்ளி, பேச்சுக்கு இடைஞ்சல் இல்லாமல் வாசியுங்கள் என்று சொல்லும்போது வயிறு எரிகிறது. ஸ்விங், ஆடுகிறவர்களுக்காக வளர்ந்த இசை. ஆட இடம் விடாமல் அதைக் கூப்பிடுவது பணத்துக்கும் கேடு, கலைஞர்களுக்கும் அவமரியாதை.

நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் 1926 மார்ச்சில் திறக்கப்பட்ட சவாய் நடன அரங்கம் இதை நன்றாகவே புரிந்துவைத்திருந்தது. அங்கே இரண்டு மேடைகள். ஒரு குழு ஓய்வெடுக்கும்போது அடுத்தது தொடங்கிவிடும், ஆட்டம் நிற்காது. நாடெங்கும் நிறப் பாகுபாடு தலைவிரித்தாடிய நாளில், கறுப்பரும் வெள்ளையரும் அங்கே ஒரே தளத்தில் ஆடினார்கள். அரங்கத்தின் செல்லப்பிள்ளை டிரம்ஸ் கலைஞர் சிக் வெப். சிறுவயதில் முதுகெலும்பைத் தாக்கிய காசநோயால் கூன் விழுந்த, குள்ளமான மனிதர். 1937 மே 11 அன்று, நாடே கொண்டாடிய பென்னி குட்மன் குழுவும் வெப் குழுவும் அங்கே நேருக்கு நேர் மோதின. உள்ளே போக முடியாத கூட்டம் தெருவை அடைத்தது. வெற்றி வெப்புக்கு என்று அன்று தீர்ப்புச் சொன்னது தளத்தில் நின்ற கூட்டம்தான்.

குட்மனுக்கே வாழ்வு கொடுத்ததும் அப்படியொரு கூட்டம். 1935 ஆகஸ்ட் 21, லாஸ் ஏஞ்சலீஸ் பாலோமர் அரங்கம். ஊர் ஊராகச் சுற்றிச் சோர்ந்துபோயிருந்த குழு, வழக்கமான மென்மையான பாடல்களோடு தொடங்கியது. கூட்டம் மசியவில்லை. பிறகு ஃப்ளெட்சர் ஹெண்டர்சன் எழுதிக்கொடுத்த சூடான பாடல்களை எடுத்தார்கள். இளைஞர்கள் மேடையை நோக்கித் திரண்டார்கள். தளத்தைப் பார்த்து வாசிப்பை மாற்றுவது பதிவுசெய்த பாட்டுக்கு வராது. தாலி கட்டும் கையைப் பார்த்துக் கெட்டிமேளம் கொட்டுகிறவர்களின் கண் எதிரே இருக்க வேண்டியதுபோல, ஸ்விங் கலைஞர்களின் கண்ணுக்கு நேரே ஆடுகிறவர்கள் இருக்க வேண்டும்.

காசு போதாது என்பவர்கள் ஆளைக் குறைக்கட்டும், தவறில்லை. குழுத்தலைவர் கவுன்ட் பேஸி கான்சாஸ் சிட்டியின் ரீனோ கிளப்பில் 9 பேரோடு வாசித்துத்தான் பெயர் வாங்கினார். ஆனால் பாஸ், டிரம்ஸ் கலைஞர்களை வெட்டிவிட்டு அந்த இடத்தில் பதிவை ஓடவிடுவது கூடவே கூடாது. தாளத்தைத் தாங்கும் கலைஞரின் அருமைக்கு ஒரு சாட்சி: ஃப்ரெடி கிரீன் 1937-ல் பேஸியிடம் சேர்ந்து, 1987-ல் இறக்கும்வரை ஏறத்தாழ அரை நூற்றாண்டு கிடார் வாசித்தார். மின்கருவி இல்லை, தனி வாசிப்பு அநேகமாக இல்லை. தாளத்துக்கு நான்கு அடி, அவ்வளவுதான். பலர் காதில் தனியாக விழாத அந்தக் கிடார்தான் பெரிய குழுவின் நடையையே தாங்கியது.

தளத்தைப் பறித்தால் என்னவாகும் என்பதற்கு வரலாறு இருக்கிறது. போர்க்காலத்தில், 1944-ல், ஆட்டமும் பாட்டும் நடக்கும் விடுதிகளின் வரவுக்கு அமெரிக்க அரசு 30 சதவீத வரி போட்டது. அதே ஆண்டில் 20 ஆகக் குறைத்தும் பயனில்லை. ஆடவிடாமல் வெறுமனே வாசித்தால் வரி இல்லை என்பதால் விடுதிக்காரர்கள் ஆட்டத்தை நிறுத்தினார்கள். பெரிய குழுக்கள் சரிந்ததற்குப் போர், பயணச் செலவு, மாறிய ரசனை என்று வேறு காரணங்களும் உண்டு. ஆனாலும் இந்த வரி கொடுத்த அடி சாதாரணமானதல்ல. சவாயில் ஆடிப் புகழ்பெற்ற ஃப்ராங்கி மானிங் பின்னாளில் தபால்துறை வேலைக்குப் போனார். 1980-களில் இளைஞர்கள் தேடி வந்த பிறகே மறுபடி ஆட்டம் சொல்லிக்கொடுக்க வந்தார்.

எனவே குழுவைப் பேசி முடிக்கும்போதே மண்டபக்காரரிடமும் பேச வேண்டும்: மேடைக்கு முன்னால் மேஜை கூடாது, தரை வழுக்கவோ ஒட்டவோ கூடாது, உரைகளெல்லாம் கலைஞர்கள் ஓய்வெடுக்கும் நேரத்தில். விருந்தினருக்கு ஆடத் தெரியாதே என்பது சாக்கு. வாசிப்பு தொடங்குமுன் அரைமணி நேரம் அடிப்படை அடவுகளைச் சொல்லிக்கொடுக்க ஒருவரை ஏற்பாடு செய்தால், தயங்குகிறவர்களும் தளத்துக்கு வருவார்கள்.