காலாடூங்கியில் ஒரு வீடு

நைனிதால் போயிட்டு டெல்லி திரும்பற வழியில காலாடூங்கியில வண்டியை நிறுத்தினேன். ஜிம் கார்பெட் வாழ்ந்த வீடு அங்க மியூசியமா இருக்கு. "உள்ள புலி இருக்காப்பா?"ன்னான் பையன். இல்லைன்னதும் இறங்க மாட்டேன்னுட்டான். ஐஸ்கிரீம் லஞ்சம் கொடுத்துதான் இறக்க முடிஞ்சது.

1922ல கட்டின பங்களா. மாளிகைன்னு நினைச்சுப் போனா ஏமாந்துடுவீங்க, அடக்கமான வீடு. மேஜை நாற்காலி, கடிதங்கள், போட்டோக்கள். தோட்டத்துல அவர் நாய் ராபினோட சமாதி. வர்றவங்க கும்பலா நிக்கறது செத்த புலி படங்கள் முன்னாடிதான். 436 பேரைக் கொன்னதா சொல்ற சம்பாவத் பெண்புலியை அவர் சுட்டது 1907ல.

என்னைக் கேட்டா, பார்க்க வேண்டியது வெளியே இருக்கிற சோட்டி ஹல்த்வானி கிராமம். 1915ல அந்த நிலத்தை வாங்கி, குடும்பங்களைக் குடியேத்தி, காட்டுப்பன்றி பயிரை அழிக்காம இருக்க ஊரைச் சுத்திக் கல்சுவர் கட்டினார். பின்னால நிலத்தைக் குத்தகைக்காரங்களுக்கே விட்டுட்டார். சுவர் இன்னமும் பல இடத்துல நிக்குது. புலிக்கு இருக்கிற கூட்டம் அதுக்கு இல்லை.

"இந்த நாட்டு நிலத்தை இந்த நாட்டு ஜனங்களுக்கே கொடுத்துட்டு, வெள்ளைக்காரருக்கு வள்ளல்னு பேரா?"ன்னாங்க தங்கமணி. நியாயமான கேள்விதான். ஆனா அந்தக் காலத்துல நம்ம பக்கத்துப் பண்ணையார்கள்ல எத்தனை பேர் அதையாவது செஞ்சாங்க?

1875ல நைனிதால்ல பிறந்தவர், மொகாமா காட்ல இருபது வருஷத்துக்கு மேல ரயில்வே சரக்கு ஏத்தி இறக்கற கான்ட்ராக்ட் பார்த்தவர், 72 வயசுல, 1947ல, அக்கா மேகியோட கென்யா போயிட்டார். 1955ல அங்கேயே காலமானார். வீடு கைமாறி, கடைசியில வனத்துறைக்கு வந்தது.

சுவரைப் பார்த்துக்கிட்டு நின்னப்போ ஊர் ஞாபகம்தான். மாயவரத்துல அப்பா கட்டின வீட்டுல 20 வருஷமா ஒரு குடும்பம் வாடகைக்கு இருக்கு. விலை நல்லா வருது, காலி பண்ணச் சொல்லி வித்துடலாம்னு அண்ணன் ஆறு மாசமா சொல்றார். நான் பிடி கொடுக்கலை. ஊர்ப்பாசம்னு நானே சொல்லிக்கிட்டேன். உண்மையில போய் இருக்கப் போறதும் இல்லை, விடவும் மனசில்லை. கூரை ஒழுகினா ஓடு மாத்தினது, கிணத்தைத் தூர் வாரினது எல்லாம் அவங்கதான்.

ராம்நகர் தாண்டினதும் போன் போட்டேன். "விக்கலாம்ணா. ஆனா முதல்ல அவங்களைக் கேளுங்க. ரெண்டு லட்சம் குறைஞ்சாலும் பரவாயில்லை, என் பங்குல கழிச்சுக்கோங்க."

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "உனக்கென்னடா, டெல்லியில உட்கார்ந்துக்கிட்டு.."ன்னு ஆரம்பிச்சார்.