கால் புண் ஆய்வுகள் எதை அளக்கின்றன?

சர்க்கரை நோயாளியின் காலில் வரும் புண்ணுக்குப் புதிய சிகிச்சை வந்துவிட்டதாகச் செய்திகள் வந்துகொண்டேயிருக்கின்றன. வளர்ச்சிக் காரணி கலந்த களிம்பு, ஆய்வகத்தில் வளர்த்த தோல், அழுத்த ஆக்சிஜன் அறை, நோயாளியின் ரத்தத்திலிருந்தே செய்த ஒட்டு எனப் பட்டியல் நீளும். இவை அனைத்தும் புண்ணின் மேல் எதை வைக்கலாம் என்ற கேள்விக்கான பதில்கள். அதே புண்ணை நோயாளி நாள் முழுக்க மிதித்துக்கொண்டே இருக்கிறாரே, அதை எப்படி நிறுத்துவது என்ற கேள்விக்கு அவ்வளவு பணமும் கிடைப்பதில்லை, அவ்வளவு விளம்பரமும் கிடைப்பதில்லை. நடந்திருக்கும் சில ஆய்வுகளோ இந்தக் கேள்விதான் பெரியது என்கின்றன.

அமெரிக்காவில் டேவிட் ஆம்ஸ்ட்ராங் குழுவினர் 2001-இல் வெளியிட்ட ஆய்வு மிகச் சிறியது, 63 பேர்தான். அவர்களை மூன்று குழுக்களாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்குப் பாதத்திலிருந்து முழங்காலுக்குக் கீழ் வரை ஒட்டிப் போடும் மாவுக்கட்டு. இன்னொரு குழுவுக்குக் கழற்றி மாட்டக்கூடிய பூட்ஸ். மூன்றாவது குழுவுக்கு முன்பாதத்தில் எடை விழாத அரைச் செருப்பு. 12 வாரங்களில் மாவுக்கட்டுக் குழுவில் 89.5 சதவீதம் பேருக்குப் புண் ஆறியது. பூட்ஸ் குழுவில் 65, அரைச் செருப்புக் குழுவில் 58.3.

பாதத்தின் மீதான அழுத்தத்தைக் குறைப்பதில் நல்ல பூட்ஸ் மாவுக்கட்டுக்குச் சளைத்ததல்ல. பிறகு ஏன் இந்த வித்தியாசம்? 2003-இல் அதே குழு, நோயாளிகளின் இடுப்பில் ஒரு கருவியும் பூட்ஸில் ஒரு கருவியும் பொருத்தி நடையை அளந்தது. அன்றாட நடமாட்டத்தில் 28 சதவீதம் மட்டுமே பூட்ஸோடு நடந்திருக்கிறது. மீதி நடை அத்தனையும் புண்ணின் மேல். 2005-இல் அடுத்த ஆய்வு: அதே பூட்ஸைச் சுற்றிக் கட்டுப் போட்டு, எளிதில் கழற்ற முடியாதபடி செய்தார்கள். ஆறியவர்கள் 82.8 சதவீதம், கழற்றக்கூடிய பூட்ஸ் அணிந்தவர்களில் 51.9. மருந்தும் அதேதான், பூட்ஸும் அதேதான். ஒரு கட்டுத் துணி செய்த வேலை இது.

இந்த 28 சதவீதத்தைப் படித்துவிட்டு, “நோயாளிகள் சொன்னால் கேட்பதில்லை” என்று சலித்துக்கொள்வது அநியாயம். மரத்துப்போன காலில் வலி இல்லை. நமக்குக் கொப்புளம் வந்தால் நம்மை அறியாமலே காலைச் சாய்த்து நடக்கிறோம். அவர்களுக்கு அந்த எச்சரிக்கை வருவதே இல்லை. வலிக்காத காலுக்கு வாரக்கணக்கில் கனமான பூட்ஸை மாட்டிக்கொண்டு வீட்டுக்குள்ளும் நடக்கச் சொல்வது கடினமான கோரிக்கைதான்.

இந்த உண்மையை உலகத்துக்கு உரக்கச் சொன்ன இடங்களில் நம் வேலூரும் ஒன்று. கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு 1946-இல் வந்த அறுவை சிகிச்சை நிபுணர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் விரல்கள் தாமாக அழுகி விழுவதில்லை, வலி தெரியாததால் காயத்தின் மேல் காயம் பட்டே தேய்கின்றன என்று காட்டினார். 1930-களிலேயே இந்தியாவில் தொழுநோய்ப் புண்ணுக்குப் பயன்பட்ட மாவுக்கட்டை அவர் செம்மைப்படுத்தி, 1960-களில் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் உள்ள கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குக் கொண்டுபோனார். சர்க்கரை நோயாளிகளின் கால்களுக்கு அது அங்கிருந்துதான் பரவியது. சர்வதேச வழிகாட்டு நெறிகள் உள்ளங்காலில் உணர்விழப்பால் வரும் புண்ணுக்கு முதலில் பரிந்துரைப்பது இன்றும் கழற்ற முடியாத, முழங்கால் வரையிலான சாதனத்தைத்தான். அப்படியிருந்தும் நம் ஊரில் புண்ணுக்குக் கட்டு மாற்றிக்கொண்டு அதே காலால் பேருந்து ஏறி வீடு திரும்புகிறவர்களே அதிகம்.

புதிய மருந்துகளை நான் ஒதுக்கவில்லை. சுக்ரோஸ் ஆக்டாசல்ஃபேட் கலந்த கட்டுத் துணியை ஐரோப்பாவின் ஐந்து நாடுகளில் 240 பேரிடம், யாருக்கு எது என்று மருத்துவருக்கும் நோயாளிக்கும் தெரியாமல் சோதித்தார்கள். 2018-இல் வந்த முடிவில் 20 வாரங்களில் 48 சதவீதம் பேருக்குப் புண் மூடியது. வெறும் கட்டுத் துணியில் 30. நேர்மையாக நடந்த ஆய்வு அது. ஆனால் இத்துறையின் வரலாறு அவசர நம்பிக்கைக்கு இடம் தருவதில்லை. ஸ்வீடனில் 2010-இல் புண் ஆற்றுவதில் அழுத்த ஆக்சிஜன் 52 சதவீதத்துக்கு 29 என்று வென்றது. பின்னர் கனடாவிலும் நெதர்லாந்திலும் நடந்த ஆய்வுகளில் காலைக் காப்பாற்றுவதில் அது தெளிவான பலனைக் காட்டவில்லை. 1997-இல் அமெரிக்கா அனுமதித்த, வளர்ச்சிக் காரணி கலந்த பெகாப்லெர்மின் களிம்புக்கு 2008-இல் புற்றுநோய் குறித்த கடும் எச்சரிக்கை சேர்க்கப்பட்டு, 2018-இல் அந்த எச்சரிக்கை நீக்கப்பட்டது.

இந்த ஆய்வுகளைப் படிக்கையில் ஒப்பீட்டுக் குழுவைத்தான் நான் முதலில் தேடுவேன். பல ஆய்வுகளின் ஒப்பீட்டுக் குழுக்களைத் தொகுத்து 1999-இல் வந்த ஆய்வின்படி, ‘வழக்கமான சிகிச்சை’ பெற்றவர்களில் 12 வாரங்களில் ஆறியது வெறும் 24 சதவீதம். மாவுக்கட்டின் 89.5-ஐ இதோடு நேராக ஒப்பிட முடியாது. மாவுக்கட்டு ஆய்வில் சேர்க்கப்பட்டவை ஆழமற்ற, சீழ் வைக்காத, ரத்த ஓட்டம் உள்ள புண்கள். ஆனாலும் எடை தாங்கும் காலுக்கு ஓய்வே தராத ஒரு குழுவோடு போட்டியிட்டு ஜெயித்த களிம்பு உண்மையில் எதை ஜெயித்தது?

அளவுகோலிலும் கோளாறு இருக்கிறது. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் 2006-ஆம் ஆண்டு வழிகாட்டுதல்படி, தோல் முழுதாக மூடி, கசிவின்றி, இரண்டு வார இடைவெளியில் இருமுறை உறுதியானால் அது வெற்றி. நோயாளிக்கோ அது பாதி வெற்றிகூட இல்லை. ஆறிய புண்களில் சுமார் 40 சதவீதம் ஓராண்டுக்குள்ளும் 65 சதவீதம் ஐந்தாண்டுக்குள்ளும் திரும்ப வருவதாக 2017-இல் வெளியான விரிவான மதிப்பாய்வு கணக்கிட்டது. சிறுநீரகம் செயலிழந்தவர், ரத்தக் குழாய் கடுமையாக அடைத்தவர், சீழ் எலும்பு வரை போனவர் ஆகியோரைப் பெரும்பாலான ஆய்வுகள் வாசலிலேயே நிறுத்திவிடுகின்றன. காலை எடுக்க வேண்டும் என்ற வார்த்தையைக் கேட்டுக்கொண்டு அரசு மருத்துவமனை வார்டுகளில் படுத்திருப்பவர்கள் பெரும்பாலும் இவர்கள்தான்.

2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) ஆய்வு இந்தியாவில் சர்க்கரை நோயாளிகள் 10.1 கோடி பேர் என்று மதிப்பிட்டது. இவர்களில் பலர் வீட்டுக்குள் வெறுங்காலோடு நடப்பவர்கள், கோயில் பிரகாரத்தின் சுடுகல்லில் நடப்பவர்கள், தரையில் குந்தி வேலை செய்பவர்கள். மே மாத வெயிலில் முழங்கால் வரை மாவுக்கட்டோடு எத்தனை வாரம் இருக்க முடியும்? வாரம் ஒருமுறை கட்டு மாற்ற யார் அழைத்துவருவது? சித்தாள் வேலைக்குப் போகும் பெண், வேலைக்குப் போகாமல் இருந்தால் அந்த வாரக் கூலிக்கு என்ன செய்வார்? ரத்த ஓட்டம் சரியில்லாத காலில் தவறாகப் போட்ட கட்டே புதுப் புண்ணை உண்டாக்கும். அதைப் போடத் தெரிந்த கைகள் மாவட்ட மருத்துவமனைகளில் எத்தனை? அமெரிக்காவும் ஐரோப்பாவும் இக்கேள்விகளுக்கு நமக்காக விடை தேடப்போவதில்லை.

இக்கேள்விகளுக்கான விடைகளில் காப்புரிமை பெறக்கூடிய பொருள் எதுவும் இல்லாததால் நிறுவனங்களும் வரமாட்டா. பொதுப் பணத்தில் செய்ய வேண்டிய ஆய்வு இது. தமிழ்நாட்டில் 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் களப் பணியாளர்கள் சர்க்கரை நோயாளிகளின் வீட்டு வாசலுக்கே போகிறார்கள். நோயாளிகளை ஓராண்டு விடாமல் பின்தொடர அது நல்ல ஏற்பாடு. அவர்கள் வழியாக இப்படி ஓர் ஆய்வு நடத்தலாம்: உள்ளங்காலில் புண் வந்த கூலித் தொழிலாளர்களில் ஒரு பாதிப் பேருக்குக் கழற்ற முடியாத பூட்ஸ் மட்டும், மறு பாதிப் பேருக்கு அதே பூட்ஸோடு புண் ஆறும் வரை அன்றாடக் கூலிக்கு ஈடான தொகை. ஓராண்டு கழித்து எண்ண வேண்டியது, எந்தக் குழுவில் அதிகம் பேர் இரண்டு கால்களோடும், புண் இல்லாமலும் வேலைக்குத் திரும்பியிருக்கிறார்கள் என்பதை. அந்தக் கூலித் தொகையின் மொத்தச் செலவையும், ஒரு காலை எடுத்து அவரை வீட்டுக்கு அனுப்பும் செலவையும் அதே ஆய்வு அருகருகே வெளியிடட்டும்.