ஒரே பாடநூல், மூன்று மதிப்பெண் பட்டியல்: பொதுக் கல்வித் தரமும் குப்பத்தின் தமிழ் மாணவர்களும்

குப்பம்: ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்தில், தமிழ்நாடும் கர்நாடகமும் தொடும் முனையில் உள்ளது குப்பம். இங்கு பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்கு மொத்த மதிப்பெண் 600. எல்லைக்கு அப்பால் கிருஷ்ணகிரியில் 500, கோலாரில் 625. இவற்றைச் சதவீதமாக மாற்றுவது எளிது. ஆனால், வினாத்தாள்களின் கடினத்தை அவ்வாறு ஒப்பிட இயலாது. கல்வி வாரியங்களுக்கு இடையே இத்தகைய சமநிலையை உருவாக்கும் நோக்கில்தான், தேசியக் கல்விக் கொள்கையின்படி 2023-ல் 'பரக்' அமைப்பு தொடங்கப்பட்டது.

நாட்டில் உள்ள 66 வாரியங்களின் தேர்வு முடிவுகளை ஆராய்ந்த மத்திய கல்வி அமைச்சகம், பத்தாம், பன்னிரண்டாம் வகுப்புகளை ஒரே வாரியத்தின் கீழ் கொண்டுவருமாறு ஆந்திரம் உள்ளிட்ட ஏழு மாநிலங்களுக்கு 2025 ஜூனில் பரிந்துரைத்தது.

ஆந்திரத்துக்கு இதில் கசப்பான முன் அனுபவம் உண்டு. ஒய்.எஸ்.ஆர். காங்கிரஸ் ஆட்சியில் 1,000 அரசுப் பள்ளிகள் சிபிஎஸ்இ வாரியத்துடன் இணைக்கப்பட்டன. அவற்றின் முதல் பத்தாம் வகுப்பு அணி தேர்வெழுத வேண்டிய 2024-25 கல்வியாண்டின் நடுவில், அப்பள்ளிகளைச் சந்திரபாபு நாயுடு அரசு மாநில வாரியத்துக்கே திருப்பியது. மாணவர்கள் புதிய தேர்வு முறைக்குத் தயாராகவில்லை என்பது அரசு கூறிய காரணம். 75 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் ஆண்டின் இடையில் தேர்வு முறை மாற்றத்தைச் சந்தித்தனர். அதே ஆண்டில் மாநில வாரியத்தின் பத்தாம் வகுப்புக்கு என்சிஇஆர்டி சார்ந்த பாடநூல்கள் வந்தன. பாடம் பொது, தேர்வு மாநிலத்துடையது என்ற இந்த ஏற்பாடு தாமதமாக வந்தாலும், ஏற்கத்தக்கதே.

குப்பத்துக்கு இது கூடுதல் முக்கியத்துவம் உடையது. தெலுங்குடன் தமிழும் கன்னடமும் புழங்கும் இப்பகுதியில், தமிழ்வழி மாணவர்கள் மாநில வாரியத் தேர்வைத் தமிழிலேயே எழுதலாம். சிபிஎஸ்இ-யில் தமிழ் ஒரு பாடம் மட்டுமே. பத்தாம் வகுப்புக் கணக்கையும் அறிவியலையும் ஆங்கிலத்திலோ இந்தியிலோதான் எழுத வேண்டும். அரசுப் பள்ளிகளை ஆங்கிலவழிக்கு மாற்ற 2019-ல் ஆந்திர அரசு பிறப்பித்த ஆணைகளை உயர் நீதிமன்றம் 2020 ஏப்ரலில் ரத்து செய்ததும் நினைவுகூரத்தக்கது. மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் வழங்க முயல வேண்டும் என்கிறது அரசியலமைப்பின் 350ஏ பிரிவு.

தமிழ்நாடும் இக்கேள்விக்கு விலக்கல்ல. நான்கு வகைப் பள்ளிகளுக்கும் பொதுவான சமச்சீர் கல்வி, 2011 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகே முழுமையாக நடைமுறைக்கு வந்தது. தமிழைக் கட்டாயமாக்கும் 2006-ம் ஆண்டுச் சட்டத்திலிருந்து விலக்கு கோரி, தெலுங்கு, உருது மாணவர்கள் நீதிமன்றம் செல்ல நேர்ந்தது. ஓசூரின் தெலுங்குக் குழந்தையும் குப்பத்தின் தமிழ்க் குழந்தையும் எதிரெதிர்க் கரையில் ஒரே சிக்கலில் நிற்கின்றனர்.

பொதுப் பாடநூல் வரும்போது அதன் தமிழாக்கத்தை யார் செய்வது, எந்தக் கலைச்சொற்களைக் கையாள்வது என்பதும் தரத்தின் ஒரு பகுதியே. தமிழ்நாட்டுப் பாடநூல்களின் சொற்களே இங்கும் இருந்தால், பத்தாம் வகுப்புக்குப் பின் எல்லை தாண்டும் மாணவர் அறிவியலை மீண்டும் முதலிலிருந்து கற்க வேண்டியிராது. அப்பணிக்கு உரிய நிறுவனம் இவ்வூரிலேயே உள்ளது: தமிழ்நாடு, கர்நாடகம், கேரளம் ஆகியவற்றின் ஆதரவுடன் ஆந்திர அரசு 1997-ல் நிறுவிய திராவிடப் பல்கலைக்கழகம்.